டேங்கில் வைத்த கண்ணாடிக் குழாய்

வெள்ளியங்கிரிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு கோகிலவாணிக்கு முப்பத்தைந்து. வேலை பார்த்த மில் மூடிய பிறகு, கணபதி பகுதியில் அவள் நடத்திய பட்டறைக்கு வந்து, மோட்டார் சைக்கிள் டேங்க் செய்யக் கற்றுத்தரும்படி கேட்டவர் அவர். அவள் அவரை அண்ணா என்றாள். அவர் அவளை அம்மிணி என்றார். வேலையில் மட்டும் அவள் வைத்ததுதான் சட்டம்.

மூன்று வருடம் போயிற்று. முழுதாக ஒரு வேலை அவர் கைக்கு வரவில்லை.

ஒருநாள் ஜோயல் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். அவருடைய வண்டிக்கு டேங்க் செய்து கொடுத்தவள் கோகிலவாணிதான்.

"எவ்வளவு பெட்ரோல் இருக்குன்னே தெரியலீங்க. மூடியைத் திறந்து குலுக்கிப் பார்க்க வேண்டியிருக்கு. போன வாரம் மலையில, மழையில நின்னுட்டேன்."

"வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் வெச்சுட்டாப் போச்சு," என்றாள். பிறகு திரும்பி, "அண்ணா, நீங்க பண்ணுங்க" என்றாள்.

அன்று வெள்ளியங்கிரி மதியச் சோற்றைக்கூட மறந்துவிட்டார். பெட்ரோலை வடித்தார். வாடை போகும்வரை வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் குலுக்கினார். பக்கவாட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று துளை போட்டு, குழாயைத் தாங்க இரண்டு பித்தளை மூக்குகளைப் பற்றவைத்தார். உள்ளே பெட்ரோல் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, குழாயிலும் அவ்வளவு நிற்கும்.

பிறகு காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்.

கீழ்மூக்கின் ஓரத்தில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று.

மறுபடி சூடேற்றிப் பற்றவைத்தார். மறுபடியும் குமிழி. கோகிலவாணி நாலடி தள்ளித்தான் வேலையாக இருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். முதல் வேலையிலேயே, தன்னைவிடப் பதினேழு வயது இளையவளைக் கூப்பிட்டு, எனக்கு வரவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பசையைக் குழைத்து ஓரத்தில் அப்பினார். குமிழி நின்றது. அதன்மேல் பெயின்ட் அடித்தார்.

"கசிவு பார்த்தாச்சுங்களாண்ணா?"

"பார்த்தாச்சுங்க அம்மிணி."

"ஒண்ணுமில்லையே?"

"இல்லீங்க."

அவள் அந்தக் குழாயை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்குங்ணா," என்றாள். மூன்று வருடமாக அவர் காத்திருந்த சொல் அது.

ஜோயல் வண்டியை எடுத்துப் போன பதினாறாம் நாள், வால்பாறை மலைப்பாதையில், பெட்ரோல் சொட்டி எஞ்சின் சூட்டில் தீப்பிடித்தது. ஜோயலின் வலது கால் முழங்காலிலிருந்து பாதம்வரை வெந்துபோயிற்று. நடப்பார், இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கருகிய டேங்க் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. கோகிலவாணி கீழ்மூக்கை ரம்பத்தால் அறுத்தெடுத்தாள். ஓரத்தில் மிஞ்சியிருந்த பசை பெட்ரோலில் ஊறிக் களிபோல் கிடந்தது. அதை அப்படியே வெள்ளியங்கிரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே ஜோயலின் அண்ணன் உள்ளே வந்தார்.

"இந்தக் குழாயை வெச்சது யாரு?"

வெள்ளியங்கிரி தரையைப் பார்த்தார்.

"நான்தானுங்க," என்றாள் கோகிலவாணி.

"கசியுதான்னு பார்த்தியா?"

"நான் பார்த்திருக்கணும். பார்க்கலீங்க."

வந்தவர் அவள் காலடியில் காறித் துப்பினார். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை," என்றார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. வெள்ளியங்கிரி கைவிரல்களை மூடிக்கொண்டார். பித்தளை உள்ளங்கையில் குத்தியது.

அந்த வாரமே மூன்று பேர் வந்து, செய்யக் கொடுத்த டேங்குகளைத் திருப்பி வாங்கிப் போனார்கள். வெள்ளியங்கிரி தினமும் வந்தார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. சாயங்காலம் ஜோயலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெள்ளியங்கிரியைக் கூப்பிடவுமில்லை, வரவேண்டாம் என்று சொல்லவுமில்லை.

ஜோயலின் அண்ணன் வந்துபோன ஒன்பதாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மிணி, அன்னிக்கு ஏன் என் பேரைச் சொல்லலீங்க?"

அவள் அரம் போடுவதை நிறுத்தவில்லை.

"நீங்க ஏன் சொல்லலீங்ணா?"

"பயந்துட்டனுங்க," என்றார். பிறகு, "நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்க," என்றார்.

அவள் அரத்தைக் கீழே வைத்தாள்.

"இல்லீங்ணா. பேரைச் சொல்லியிருந்தா அவர் ரெண்டு அடி அடிச்சிருப்பாரு. நீங்க அழுதிருப்பீங்க. அன்னிக்கே நிம்மதியாத் தூங்கியிருப்பீங்க."