பாதியாகச் சுண்டிய தண்ணீர்

குன்றடியில் இருந்த அந்தத் தபோவனத்தின் குரு தவமணி அம்மாவுக்கு வயது நாற்பதுதான். மூத்த சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. அங்கே தங்கிப் படிக்கும் பதினாறு பிள்ளைகளுக்குச் சமையலும் குடிதண்ணீரும் அவர் பொறுப்பு. மனிதர் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பவர். அதில் வேறு யாராவது வாயைத் திறந்தால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

அன்று மதியம் அவர் ஒரு தாளோடு அம்மா முன் வந்து நின்றார். பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்த்த டாக்டர் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார். குழாய்த் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு அதிகம், ஃபில்டரில் வடிந்த தண்ணீரிலும் அதே அளவு என்றது அந்தத் தாள்.

"கடைக்காரன் ஏமாத்திட்டாம்மா. நாலு வருஷம்! வேற நல்ல ஃபில்டர் எதுன்னு சொல்லுங்க, நாளைக்கே வாங்கிடறேன்."

"இதை எதைப் பார்த்து வாங்கினீங்க ஐயா?"

"மோந்து பார்த்துத்தான். குழாய்த் தண்ணியில மருந்து வாடை குடலைப் பிடுங்கிச்சு. கடையில அஞ்சாறு ஃபில்டர்ல பிடிச்சுக் காட்டினாங்க. கரி போட்ட இதுலதான் வாடையே இல்ல."

"இப்ப வாடை வருதா?"

"இல்ல."

"அப்ப எங்க ஏமாத்தினான்?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது.

"ஃபில்டரை மட்டும் நம்பி நான் சும்மா இருக்கலம்மா. சீரகம் போட்டு, பாதியாச் சுண்டக் காய்ச்சித்தான் குடுத்தேன். ஒரு நாள் தவறல."

அது உண்மைதான். காய்ச்சலில் கிடந்த நாளில்கூட எழுந்து வந்து காய்ச்சியவர் அவர்.

அம்மா அவரைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். ஒரு சொம்புத் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஃபில்டரில் ஊற்றினார். வடிந்ததை ஒரு டம்ளரில் பிடித்து நீட்டினார்.

"குடிச்சுப் பாருங்க."

"உப்பு அப்படியே இருக்கு."

"இப்ப உங்க வழக்கப்படி காய்ச்சுங்க."

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் பாதியானதும் இறக்கி, ஆற்றி, ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. பிறகு அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"கரிக்குதும்மா. முன்னைவிட ஜாஸ்தி."

"தண்ணிதான் ஆவியாப் போச்சு."

"அப்ப அந்த ஃப்ளோரைடும்…"

அம்மா தலையசைத்தார்.

தணிகாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் வகுப்புச் செங்கமலம் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். ஒழுங்காகப் பல் தேய்க்கிறதில்லை என்று அவளைப் பலமுறை திட்டியிருக்கிறார். வாய்விட்டு அழுதார்.

அம்மா அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ஃப்ளோரைடை எடுக்கிற ஃபில்டர் தனியா இருக்கு ஐயா. இந்தத் தாளைக் காட்டி, இதை எடுக்குமான்னு கேட்டு வாங்குங்க. அதுல வடியற தண்ணியையும் பரிசோதனைக்கு அனுப்புங்க. முடிவு வர்ற வரைக்கும் பிள்ளைங்களுக்குக் கேன் தண்ணி."

"சரிம்மா."

"ஞாயித்துக்கிழமை பெத்தவங்க வருவாங்க. அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க."

தணிகாசலம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அதான் புதுசு மாத்திடறோமேம்மா. எதுக்கு வீணா அவங்களைக் கலவரப்படுத்தணும்?"

அம்மா அவரைப் பார்த்தபடி இருந்தார். அந்தப் பார்வையைத் தணிகாசலத்தால் தாங்க முடியவில்லை.

"சரி, சொல்லிடறேன். பழைய ஃபில்டர் மோசம், அதனாலதான் இப்படி ஆச்சுன்னு…"

"ஃபில்டர் பேரைச் சொல்லாதீங்க ஐயா. நம்ம பேரைச் சொல்லுங்க. நாலு வருஷமா நானும் தண்ணியைப் பரிசோதிக்கச் சொல்லல. என் பேர்ல ஆரம்பிங்க."