இரண்டு ரத்தக் கைகள்

பல நூறு வருஷங்களுக்கு முன்னால், இங்கிலாந்து தேசத்தின் ஒரு மூலையைக் கோட்ரிக் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு உயிர் இரண்டு. ஒன்று மகாராணி, இன்னொன்று காட்டு மான். இதில் எது முதல் உயிர் என்று கேட்க மகாராணிக்கே தைரியம் கிடையாது. மானைக் காக்க அவர் போட்ட சட்டம் இதுதான்: "காட்டுக்குள் ஈர ரத்தக் கையோடு யார் பிடிபட்டாலும் அவர் மான் கொன்றவர். வேறு சாட்சி வேண்டாம். வலது கையை வெட்டுக."

அந்தக் காட்டோரத்தில் அவீசா என்று ஒருத்தி பன்றி வளர்த்துப் பிழைத்துவந்தாள். ஒரு விருந்தில் ராஜா, "மான்கறி கிடக்கட்டும், அவீசா வளர்த்த பன்றிக்கு ஈடு உண்டா!" என்று சப்புக்கொட்டிவிட்டார். மான்கறி கொண்டுவந்திருந்த வனத் தலைவன் துர்ஸ்டனுக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அவள்மேல் கறுவிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் சுள்ளி பொறுக்கப் போன அவீசா, புதருக்குள் ஒரு பெண்மான் குட்டி ஈன முடியாமல் துடிப்பதைப் பார்த்தாள். எத்தனையோ பன்றிக்குப் பேறு பார்த்த கை சும்மா இருக்குமா? குட்டியை மெல்ல வெளியே எடுத்துத் தாயிடம் விட்டாள். ரத்தக் கையைக் கழுவ ஓடைக்கு நடந்தபோது எதிரே துர்ஸ்டன்! "புதருக்குள்ள வந்து பாருங்க எஜமான்" என்று கெஞ்சினாள். அவன் பார்ப்பானா? தரதரவென்று சபைக்கு இழுத்துவந்தான்.

ராஜாவுக்கு அன்றைக்கு விளையாட்டுக் குணம். "பெண்ணே, உன் பன்றிக்கறியை நினைத்தால் வெட்ட மனம் வரவில்லை. ஆனால் என் சட்டத்தை நானே மீறினால் ஊர் சிரிக்கும். சட்டத்தில் நீ ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது, உன் கையும் தப்ப வேண்டும். வழி சொல், விடுதலை. இல்லாவிட்டால் கோடரி!"

அவீசா தன் கையைப் பார்த்தாள். கை போனால் பிழைப்பே போச்சு. ஆனாலும் அழுதால் துர்ஸ்டனுக்குக் கொண்டாட்டம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மகாராஜா, வனத் தலைவர் என்னைப் பிடிச்ச வீரத்தை அவர் வாயாலேயே சபை கேக்கட்டும்."

துர்ஸ்டன் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "நடுக்காட்டில், பிரபு! பாய்ந்து இவள் கைகளைப் பிடித்தேன்!"

"கையுறை போட்டுக்கிட்டா பிடிச்சீங்க?"

"உறை கோழைக்கு! வெறுங்கையால் பிடித்தேன்."

"ரத்தம் காய்ஞ்சு போயிருந்துச்சோ என்னவோ..."

"காய்ந்ததா! சொட்டச் சொட்ட ஈரம்! என் இரண்டு உள்ளங்கையிலும் அப்பிக்கொண்டது. ஓடையில் நாலு தரம் கழுவினேன்!"

அவீசா ராஜாவின் முன் முழங்காலிட்டாள். "மகாராஜா, காட்டுக்குள்ள ஈர ரத்தக் கையோட ரெண்டு பேர் பிடிபட்டிருக்கோம். நான் அவர்கிட்ட, அவர் தன் வாயாலேயே. சட்டத்துல 'யார்'னுதான் இருக்கு, பன்னிக்காரின்னு இல்ல. முதல்ல யார் கையை வெட்டணும்? பெரிய மனுஷருக்குத்தானே முதல் மரியாதை!"

சபை கொல்லென்று சிரித்தது. துர்ஸ்டன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "பிரபு! அது எப்படி வந்த ரத்தம் என்று கேட்க வேண்டாமா?" என்று அலறினான்.

"அதைத்தாங்க நானும் காட்டுலேர்ந்து கதறிக்கிட்டு வர்றேன்" என்றாள் அவீசா. "அவரைக் கேக்கலாம்னா என்னையும் கேளுங்க. இல்லேன்னா ரெண்டு பேர் கையையும் வெட்டுங்க."

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "மடக்கிவிட்டாள்! நீ ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, அம்மா. நானே மாற்றுகிறேன். சொல், எப்படி வந்த ரத்தம்?"

அவள் சொன்னாள். ராஜா குதிரையேறிப் போய்ப் புதரை விலக்கினார். உள்ளே தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது குட்டி. அவர் கண் கலங்கிப்போனது. "என் மானைப் பிழைக்கவைத்த கையையா வெட்டப் பார்த்தேன்!" என்றவர், காட்டு வழக்குகளை விசாரிக்கும் பெரியவர்களின் வரிசையில் அவீசாவுக்கும் ஓர் ஆசனம் போடச் சொன்னார்.

துர்ஸ்டனுக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஒவ்வொரு சந்தையிலும் கொம்பு ஊதி, "ரத்தக் கையைக் கண்டால் முதலில் காரணம் கேள்! கேட்காமல் பிடித்தவன் நான்!" என்று புதுச் சட்டத்தைக் கூவ வேண்டும். கடைசியாக அவீசாவின் ஊருக்கு வந்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும் காது. ஆனால் அன்றைக்கு மட்டும் என்ன ஆனதோ, ஒன்பதாவது தரம் கூவிய பிறகுதான் கேட்டது என்றார்கள்.