மடத்துக் காளையும் ஒரு அண்டா தண்ணீரும்

மடத்துப் படி ஏறும்போதே மருதப்பனுக்கு வயிறு எரிந்தது. பாதி பசி. மீதி, கூட வந்த ஒகினோ.

மருதப்பன் வர்த்தக மந்திரி, ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர். ஒகினோ கிழக்கே உள்ள தீவு நாட்டின் தூதர். அங்கேயும் ஓட்டு வைத்துத்தான் ஆட்சி. இரண்டு நாட்டுக்கும் நடுவே இன்னொரு பெரிய நாடு. அதன் போர்க்கப்பல்கள் எந்நேரமும் கடலை மறித்துக்கொண்டு நின்றன. அதற்காகத்தான் இந்தக் கூட்டு. வருஷா வருஷம் சால்வை, போட்டோ, கையெழுத்து. அதற்குப் பிறகு ஒரு துரும்பும் நகராது.

இந்தத் தடவையும் நகராவிட்டால், வருகிற தேர்தலில் மருதப்பன் தொகுதிப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அவர் அனுப்பிய மாம்பழக் கப்பலைத் திருப்பி அனுப்பியவர்கள்தான் ஒகினோவின் ஆட்கள். காரணம், ஒரு ஈ. ஒரே ஒரு ஈ. அதைப் போட்டோ எடுத்து வேறு அனுப்பினார்கள். அந்தப் போட்டோவை மருதப்பன் இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

மடத்துக் குரு மருதப்பனைவிட வயதில் சிறியவர். அதிலும் மருதப்பனுக்கு ஒரு மனக்குறை உண்டு.

"சாமி, நாளைக்குக் கையெழுத்து. இந்தக் கூட்டு நிக்குமா?" என்று கேட்டார் மருதப்பன்.

"உலைக்குத் தண்ணி இல்லை" என்றார் குரு. "கீழே கிணத்தடியில அண்டா ரொம்பி இருக்கு. கழியில மாட்டி ரெண்டு பேருமாத் தூக்கிட்டு வாங்க. சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

கிணற்றிலிருந்து மடத்துக்கு நல்ல மேடு. மேடு ஏறும்போது பாரம் பின்னால் வருபவர் பக்கம்தான் சரியும். அது இருவருக்கும் தெரியும்.

"நான் முன்னாடி போறேன். எனக்கு வழி தெரியும்" என்றார் மருதப்பன்.

ஒகினோ குனிந்து வணங்கினார். இந்த ஊரிலேயே கிடந்து தமிழ் பழகியவர். "வழி ஒண்ணுதானே இருக்கு, மந்திரி அண்ணே."

"அண்ணேன்னு கூப்பிட்டா ஆச்சா? ஒரு ஈக்காக என் பழத்தை அழுக வெச்சீங்களே?"

"எங்க மிஷினை உங்க துறைமுகத்துல மழையில நனைய விட்டீங்க. ஒரு முத்திரைக்காக."

"ஒண்ணு இல்லை, ரெண்டு முத்திரை."

கடைசியில் பாதி வழியில் இடம் மாறிக்கொள்வது என்று முடிவாயிற்று. பாதி வழி எது? வேப்பமரம் என்றார் ஒருவர், பாறை என்றார் மற்றவர்.

"ஒரு குழு போடலாம்" என்றார் மருதப்பன்.

"துணைக்குழுவும்" என்றார் ஒகினோ.

அதில் இருவருக்கும் திருப்தி. டிரைவரைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு முனையில் கழியைப் பிடித்துச் சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அண்டா தரையில் இருந்தது.

அப்போதுதான் மடத்துக் காளை வந்தது. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு, கிணற்றடியைப் பார்த்து நேராக வந்தது.

டிரைவர் மரத்தில் ஏறினான். மந்திரியும் தூதரும் என்ன ஏது என்று பேசவில்லை. கழியை மாட்டினார்கள், தோளில் வைத்தார்கள், ஓடினார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று அவர்களுக்கே தெரியாது. வேப்பமரமும் போயிற்று, பாறையும் போயிற்று. சமையல்கூடத்தில் வந்துதான் நின்றார்கள்.

"சாமி, புரிஞ்சுபோச்சு!" மருதப்பனுக்கு மூச்சு வாங்கியது. ஒகினோவின் தோளில் கை போட்டிருந்தார். "ஆபத்துன்னு வந்தா நாங்க ஒண்ணு. கூட்டு நிக்கும் சாமி!"

ஒகினோவும் பலமாகத் தலையாட்டினார்.

குரு அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். அவர்களும் பார்த்தார்கள். அடியில் ஒரு கை தண்ணீர் கிடந்தது. அதில் ஒரு ஈ மிதந்தது.

மருதப்பன் ஒகினோவைப் பார்த்தார். ஒகினோ கூரையைப் பார்த்தார். தோளில் இருந்த கை மெல்ல இறங்கியது.

குரு வெளியே போனார். காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் கூட்டிவந்து தூணில் கட்டினார். திரும்பி வந்து, கீழே கிடந்த கழியை எடுத்து இருவர் கையிலும் கொடுத்தார்.

"மாட்டைக் கட்டியாச்சு. இப்போ போய்த் தண்ணி கொண்டு வாங்க."