எல்லை தாண்டிப் போன அடுப்புகள்

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது என் நாத்தனார் ஜெபக்கனி. போன வருஷம் கோயில் அசன விருந்துக்கு நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கண்ணீர் வெங்காயத்தால் வந்ததா, சிரித்ததால் வந்ததா என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

அசமந்தபுரம் என்று ஒரு நாடு. அங்கே மந்திரி வேலாண்டி. நல்ல மனுஷன், பிறத்தியார் பொருளைத் தொடமாட்டார். ஊர்க் கிணறெல்லாம் வற்றிப்போனதால் அவர் மனைவி தாயம்மாள் பக்கத்து நாடான பூவிளைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "ஊருக்கு ஒரு வாய்க்கால் வந்தா ஆள் அனுப்புங்க, வாரேன்" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அன்றிலிருந்து மந்திரி தானே காய்ச்சிய கஞ்சியைக் குடித்து இளைத்து, தலைப்பாகை நழுவிக் கண்ணை மறைக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் மேலான பேரரசியின் ஆணை வந்தது. "மண்ணையும் காற்றையும் கெடுக்காமல் எந்த நாடு பிழைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறேன். உங்கள் நாட்டில் புகை எழும்பக் கூடாது. உங்கள் மரங்களை ஒன்று குறையாமல் காட்ட வேண்டும். ஜெயிக்கிற நாட்டுக்கு வாய்க்கால் வெட்டித் தருவேன்."

பூவிளைக்காரர்கள் இரண்டு வீட்டுக்கு ஓர் அடுப்பு என்று வைத்துக்கொண்டார்கள். கல்லூரணி நாட்டார் குளத்தங்கரையெல்லாம் மரக்கன்று நட்டார்கள். அசமந்தபுரத்தில் சபை கூடியது.

"புகையில்லாம எப்படி வே சோறு பொங்க?" என்று கேட்டார் ராஜா.

மந்திரி தலைப்பாகையை மேலே தள்ளிவிட்டு யோசித்தார். "மகராசா, 'உங்கள் நாட்டில்'னுதானே சொல்லியிருக்காங்க? பூவிளையில போய்ப் பொங்குவோம்."

"அவங்க நாட்டுல புகை கூடிருமே?"

"கூடட்டும். ஒப்பிடத்தானே போறாங்க? அவங்க இறங்கினா நாம ஏறின மாதிரிதான்."

சபையே எழுந்து நின்று அந்த அறிவைக் கும்பிட்டது.

மறுநாள் ஜனங்கள் அடுப்பைத் தலையில் சுமந்துகொண்டு எல்லை தாண்டினார்கள். அங்கே பொங்கி வீடு வந்து சேர்வதற்குள் சோறு ஆறிப்போகும். சூடுபண்ண மறுபடியும் பூவிளைக்கு ஓடினார்கள். ஓடினதில் பசித்தது. சூடுபண்ணினதை அங்கேயே தின்றுவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகத் திரும்பவும் உலை வைத்தார்கள்.

விறகு தீர்ந்தது. சேனாபதி சங்கிலி பூவிளைப் புளியமரத்தில் கோடரியை ஓங்கினான். மந்திரி பதறிப்போனார்.

"அடப்பாவி! அடுத்தவங்க மரத்தை வெட்டுறது திருட்டு இல்லையால? நம்ம மரத்தை வெட்டிட்டு வா!"

"மரம் ஒண்ணு குறையக் கூடாதே ஐயா?"

"எப்படிக் குறையும்? ஒவ்வொரு மரத்துச் சாம்பலையும் தனித்தனியா குவிச்சு வை."

புகை பார்க்கிற அதிகாரி வந்தார். பூவிளையில் அவருக்குத் தன் குதிரையின் காதே தெரியவில்லை. அசமந்தபுரத்து வானமோ கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. "புகையில் இவர்களுக்கு முதலிடம்" என்றார். சுற்றிலும் ஒரு மரத்தையும் காணோமே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் மரம் பார்க்க வேறு ஆள் வருகிறார். நமக்கெதற்கு என்று போய்விட்டார்.

மந்திரி மாமியார் வீட்டுக்கு ஓடினார். "தாயம்மா, மூட்டையைக் கட்டு! பாதி வாய்க்கால் வந்துட்டு!"

"மீதிப் பாதி?" என்று இருமிக்கொண்டே கேட்டாள் தாயம்மாள்.

"நாளைக்கு மரத்தைக் காட்டணும், அவ்வளவுதான்."

மறுநாள் மரம் பார்க்கிற அதிகாரி மொட்டை வெயிலில் வந்து நின்றார். "மரமெல்லாம் எங்கேய்யா?"

மந்திரி பணிவாக அவரை எல்லைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய், வரிசையாக இருந்த சாம்பல் குவியல்களைக் காட்டினார். "இது வேம்பு. இது புளி. இது அரண்மனை மாமரம், பழம் கற்கண்டா இனிக்கும். எண்ணிக்கிடுங்க ஐயா, ஒண்ணும் குறையாது."

அதிகாரி வாய் பிளந்து நின்றார். "யாரும் சத்தம் போடாதீங்க, மனசுக்குள்ள எண்ணுறாரு" என்றார் மந்திரி, ரகசியமாக.

தாயம்மாள் மூட்டையோடு வந்தாள். சாம்பலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கரி பிடித்த பானை ஒன்றை எடுத்து, ஒரு கை சாம்பல் அள்ளிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஐயோ, நிறுத்து தாயம்மா!" என்று அலறினார் மந்திரி. "மாமரத்துல ஒரு கிளையே போச்சே! நம்ம வாய்க்கால் போயிருமே!"

சிரித்தது போதும். அடுப்பில் என் ரசம் நுரை கட்டிவிட்டது, கொஞ்சம் இறக்கி வையுங்கள்.