இருபத்திரண்டு இன்ச் பார்

வைரக்கண்ணு வாயைத் திறந்தால் சோறு ஆறிப்போகும் என்று மடத்தில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் நாலு வரி துதி சொல்ல வேண்டும். அவர் முறை வந்தால் அது எங்கேயோ போய் எங்கேயோ திரும்பும். அதற்குள் சாம்பார் ஏடு கட்டிவிடும், அப்பளம் நமுத்துவிடும். சமையல்கட்டு முத்துப்பேச்சி கரண்டியும் கையுமாக நின்று பல்லைக் கடிப்பாள்.

ஆனால் மனுஷர் தங்கமான மனுஷர். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மேஸ்திரியாக ஆயுசைக் கழித்தவர். ஆலைச் சத்தத்தில் அவர் எதைச் சொன்னாலும் "ஆங்? என்னது?" என்றுதான் பதில் வரும். காதில் விழாமல் போன அத்தனை சொல்லும் உள்ளேயே கிடந்து ஊறிக்கொண்டிருந்தது. மனைவி காலமான பிறகு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் கையில் கிடைத்த ஏட்டையெல்லாம் படித்தார். கேட்க வேண்டுமா!

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். குருபூஜை அன்று மேடையேறிப் பேச வேண்டும். ஒரு தடவையாவது நாலு பேர் வாயை மூடிக்கொண்டு தான் சொல்வதைக் கேட்க வேண்டும். மலைமேல் எஸ்டேட்டிலிருந்தும் கீழே கரும்புக் காட்டிலிருந்தும் அன்றைக்குச் சனம் திரண்டு வரும். முதலில் பேச்சு, பிறகு பந்தி.

மடத்தை நடத்துகிற உமையாள் அம்மை அவரைவிட வயதில் ரொம்ப இளையவர். அதனால் என்ன, ஞானம் ரேஷன் கார்டில் வயதைப் பார்த்துவிட்டா வருகிறது? அவர் அம்மையை "அம்மா" என்பார். அம்மை அவரை "அண்ணே" என்பார்.

ஒரு நாள் காலை அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வைரக்கண்ணு எதிரில் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, இந்த வருஷமாவது குருபூஜையில நான் பேசலாமா?"

"பேசலாமே."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"எவ்வளவு நேரம் பேசலாம்?"

"அதை அப்புறம் பார்ப்போம். விறகு தீர்ந்துபோச்சுன்னு முத்துப்பேச்சி விடிஞ்சதுல இருந்து கத்துறா. குருபூஜைக்குள்ள நீங்க விறகை அறுத்து அடுக்கிட்டா மேடை உங்களுக்கு."

"அடுக்கலைன்னா?"

"அடுக்கலைன்னா அடுப்பு எரியாது. வந்த சனம் பட்டினியாத் திரும்பும். அப்புறம் யாருக்கு அண்ணே பேச்சு?"

மடத்தில் மரம் அறுக்கிற மிஷின் ஒன்று இருந்தது. சின்ன மிஷின்தான், நல்ல மிஷின். ஆனால் அதன் பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற தகடு, தேய்ந்து வளைந்துபோயிருந்தது. புதிது வாங்க வேண்டும்.

என்ன நீளம் வாங்குவது என்று பார்க்க வைரக்கண்ணு கொல்லைப்புறம் போனார். போன வருஷக் காற்றில் சாய்ந்த சவுக்கு மரங்கள் அங்கே காய்ந்து கிடந்தன. நல்ல விறகு. தொடைப் பருமன் இருந்தால் அதிகம். அவர் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் எப்போதோ இடி விழுந்து சாய்ந்த புளியமரம் ஒன்று கிடந்தது. அதன் முன்னால் போய் நின்றார். இரண்டு கையாலும் கட்டினாலும் அடங்காது. அடேயப்பா! அறுத்தால் இதையல்லவா அறுக்க வேண்டும்!

சமையல்கட்டு வாசலிலிருந்து அம்மை குரல் கொடுத்தார்.

"என்ன அண்ணே, எதை அளக்கிறீங்க?"

"பாருக்கு நீளம் யோசிக்கிறேன்மா."

"யோசிங்க, யோசிங்க" என்று சொல்லிவிட்டு அம்மை உள்ளே போனார்.

டவுனில் மிஷின் சாமான் கடை வைத்திருப்பவர் காதர் மைதீன். மடத்துக்கு வேண்டியவர்.

"எந்த மரம் அறுக்கணும்?" என்று கேட்டார்.

"அதை விடுங்க பாய். உங்க கடையிலேயே நீளமான பார் எது?"

"இருபத்திரண்டு இன்ச் இருக்கு. ஆனா உங்க மிஷினு சின்னது. மாட்டலாம், மாட்டினா மூச்சு வாங்கும். அடுப்புக்கு என்ன மரம்னு சொல்லுங்களேன்."

"சவுக்கும் கிடக்கு, புளியும் கிடக்கு."

"அடுப்புக்கு எதுன்னு கேட்டேன்."

"சவுக்குதான்."

"அதுக்குப் பதினாலு இன்ச் தாராளம்."

வைரக்கண்ணு விடுவாரா? "பாய், நீளமா இருந்தா சின்ன மரத்தையும் அறுக்கலாம், பெரிய மரத்தையும் அறுக்கலாம். குட்டையா இருந்தா சின்னதை மட்டுந்தான். நான் சொல்றது நியாயந்தானே?"

பாய் தலையைச் சொறிந்தார். "நியாயந்தான். எடுத்துட்டுப் போங்க. நுனி எங்க போகுதுன்னு மட்டும் ஒரு கண்ணு வெச்சுக்கங்க."

மறுநாள் காலை, துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு வைரக்கண்ணு வேலையைத் தொடங்கினார். கையில் அந்த நீளத்தைப் பிடித்தபோது அவருக்கே ஒரு மிடுக்கு வந்தது. மிஷினுக்குத்தான் வரவில்லை. மேடேறுகிற பழைய லாரி மாதிரி முக்கியது. சவுக்கின்மேல் வைத்தால் பாரில் பாதி மரத்தில் இருந்தது, மீதிப் பாதி அந்தப் பக்கம் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. அது மண்ணில் குத்தியது, கல்லில் உரசியது. செயின் மழுங்கியது. அரம் போட்டுத் தீட்டினார். மறுபடியும் கல். மறுபடியும் அரம். கை இரண்டும் கடுத்தன.

சாயங்காலம் முத்துப்பேச்சி வந்து குவியலைப் பார்த்தாள்.

"ஐயா, இதை வெச்சு ஆளுக்கு ஒரு வாய் சுக்குக் காப்பி போடலாம். கூப்பிட்டிருக்கிற சனத்துக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

வைரக்கண்ணு அரத்தைக் கீழே வைத்தார். மேடையும் போச்சு, சோறும் போச்சு என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார். விடிந்ததும் வெறி வந்தவர் மாதிரி மிஷினை எடுத்தார். கண் முழுக்க அறுபடுகிற இடத்தில் இருந்தது. அந்தப் பக்கம் நீண்டிருந்த நுனி, பின்னால் கிடந்த கட்டையில் போய் இடித்தது அவருக்குத் தெரியவில்லை.

மிஷின் கையிலிருந்து துள்ளி எழும்பியது. முகத்துக்கு நேரே சர்ரென்று ஒரு காற்று வீசியது. தலைப்பாகை பறந்து போய் வாழைமரத்தடியில் விழுந்தது.

"ஐயோ, போச்சே!" என்று முத்துப்பேச்சி அலறினாள்.

மிஷின் தானாக அடங்கிக் கீழே கிடந்தது. வைரக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவருக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை.

அம்மை ஓடி வந்தார். முதலில் அவர் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார்.

"இருக்கு அண்ணே, தலை இருக்கு. பயப்படாதீங்க."

முத்துப்பேச்சி அழுகையோடு சிரித்துவிட்டாள். வைரக்கண்ணுவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. அம்மை சொம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, போய்த் துண்டை எடுத்து வந்தார். அதன் ஓரம் தாறுமாறாகக் கிழிந்திருந்தது.

"எது கிழிச்சுச்சு?"

"பாரோட நுனிம்மா."

"அந்த நுனி எந்த மரத்தை அறுத்துட்டு இருந்துச்சு?"

"எதையும் அறுக்கலைம்மா. மரத்தைத் தாண்டி வெளிய நின்னுச்சு."

"புளியமரத்தை எப்ப அறுக்கப் போறீங்க?"

வைரக்கண்ணு தண்ணீரைக் குடித்தார். "அது அடுப்புக்கு வேண்டியதில்லைம்மா. சவுக்கே ஏகப்பட்டது கிடக்கு."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு, துண்டை அவர் தோளில் போட்டுவிட்டு அம்மை போய்விட்டார்.

அன்று மத்தியானமே அவர் மறுபடியும் டவுனுக்குப் போனார். பாய் அவரைப் பார்த்தார், கிழிந்த துண்டைப் பார்த்தார். பதினாலு இன்ச் பாரும் அதற்கேற்ற செயினும் முன்னமே எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்.

"பழசைத் திருப்பி எடுத்துக்க முடியாது ஐயா. மண்ணைத் தின்னுருச்சு" என்று மட்டும் சொன்னார்.

சின்னப் பாரை மாட்டியதும் மிஷின் பாட்டுப் பாடியது. சவுக்கின் அந்தப் பக்கம் இரண்டு விரல்கடை மட்டும் நுனி தெரிந்தது. அது எங்கே போகிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது. துண்டு துண்டாக விறகு விழுந்தது. குருபூஜைக்கு முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் கொட்டகை நிறைந்துவிட்டது. முத்துப்பேச்சி விறகைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லையே!" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்தால் பொன்னாடை போர்த்திய மாதிரி.

வைரக்கண்ணு அம்மையிடம் போனார்.

"விறகு முடிஞ்சுது. இப்ப சொல்லுங்கம்மா, எவ்வளவு நேரம் பேசலாம்?"

"நாளைக்கு வர்றவங்களைப் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

மறுநாள் மேடையில் ஏறி நின்றார். உலகம் தோன்றிய இடத்திலிருந்து தொடங்குவதாக உத்தேசம். தொண்டையைச் செருமிக்கொண்டு எதிரே பார்த்தார். விடியும் முன்பே மலை இறங்கி வந்த பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கரும்பு வெட்டுகிறவர்கள் வேட்டியைத் தட்டி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாருடைய மூக்கும் சாம்பார் வாசனை வந்த பக்கம் திரும்பியிருந்தது.

தோளில் கிடந்த துண்டின் கிழிந்த ஓரம் அவர் விரலில் பட்டது. அதைக் கைக்குள் பிடித்துக்கொண்டார்.

"நான் அரிசி ஆலையில வேலை பார்த்தவன்" என்று தொடங்கினார். "அங்க யார் பேசினாலும் யார் காதுலயும் விழாது. மத்தியானம் மிஷினை நிறுத்தினதும் ஒரு அமைதி வரும். அப்ப பக்கத்துல இருக்கிறவன், 'சாப்பிட்டியா'ன்னு கேப்பான். அது மட்டும் நல்லாக் கேக்கும். அதுக்கப்புறம் எவ்வளவோ படிச்சுட்டேன். அதைவிடப் பெரிய வார்த்தை எனக்கு இன்னும் தட்டுப்படலை. எல்லாரும் வாங்க, சாப்பிடலாம்."

கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் எழுந்த கைதட்டலில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது.

சமையல்கட்டிலிருந்து முத்துப்பேச்சி தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"அதுக்குள்ள முடிச்சுட்டீங்களா? அடப்பாவி மனுஷா, உங்க பேச்சை நம்பி நான் உலையையே இப்பத்தான் வெச்சேன்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சவுக்கு விறகு நின்று எரிந்தது, சோறு சீக்கிரமே வெந்தது. அந்த வருஷம் மடத்தில் எல்லார் இலையிலும் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. எஸ்டேட்டிலிருந்து வந்த ஒருவர் வைரக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் நீங்கதான் பேசணும்" என்றார். வைரக்கண்ணுவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் அம்மையிடம் வந்தார். மகிழ்ச்சிதான். ஆனாலும் மனசில் ஒரு குறை அரித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, படிச்சதெல்லாம் உள்ளேயே நின்னுபோச்சு. கால்வாசிகூடச் சொல்லலை. மிச்சத்தை என்ன பண்றது?"

அம்மை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த நீளப் பாரை என்ன பண்ணீங்க?"

"பாய் எடுத்துக்க மாட்டேன்னுட்டார். விறகுக் கொட்டகையில ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன்."

"துரு ஏறாதா?"

"எண்ணெய் தடவித்தான் வெச்சிருக்கேன்மா."

"இதையும் அப்படியே வைங்க அண்ணே. ஒருநாள் பெரிய மரம் விழாமலா போயிரும்?"