நாய்க்குப் பந்தி போட்ட ராஜா

ராஜாக்கள் தெருவுக்கு ஒருவராக இருந்த காலம் அது, கேளுங்கள். ஒரு ராஜா தும்மினால் பக்கத்து நாட்டு ராஜா "நூறாயுசு" என்பாராம். அப்படி நாடுகள் நெருக்கியடித்துக் கிடந்த சீமையில், வேங்கைமங்கலம் என்னும் நாட்டை மகரபூபதி ஆண்டு வந்தார். நல்ல மனசு, நல்ல சாப்பாடு. இரண்டுமே அவரிடம் அளவுக்கு மேல் இருந்தன.

ராஜாவிடம் சூறை என்றொரு வேட்டைநாய் இருந்தது. ஒருநாள் காட்டில் பன்றியொன்று ராஜாவை நோக்கிப் பாய்ந்தது. கூட வந்த வீரர்கள் ஆளுக்கொரு மரம் பார்த்து ஏறிவிட்டார்கள். சூறை மட்டும் பன்றியின் காதைக் கவ்வித் தொங்கி, ராஜாவைக் காப்பாற்றியது.

ராஜா ஊர் திரும்பியதும் சபையைக் கூட்டினார். "இன்று முதல் நான் எதைச் சாப்பிடுகிறேனோ, அதையே என் சூறையும் சாப்பிடும். இது குலதெய்வத்தின் மேல் ஆணை!" என்றார். சபையே கைதட்டியது. நாயை யாரும் கேட்கவில்லை. குலதெய்வத்தின் மேல் ஆணையிட்டால் இட்டவர் மாற்ற முடியாது. வாக்குப் பெற்றவரே வேண்டாமென்றால்தான் அது தீரும். அந்த நாட்டு வழக்கம் அப்படி.

அன்றே சூறைக்குப் பட்டுப்பாய் விரித்து, தலைவாழை இலை போட்டார்கள். காலையில் நெய் மிதக்கும் பொங்கல். மத்தியானம் புளியோதரை, வடை, பாயசம். சாயங்காலம் அதிரசம். ராஜா தம் கையாலேயே ஊட்டிவிட்டார். நாயும் சும்மா சொல்லக்கூடாது, வாலாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் உள்ளே தள்ளியது.

போகப்போக, ஓடிய நாய் நடந்தது. நடந்த நாய் உட்கார்ந்தது. உட்கார்ந்த நாய் படுத்தது. மயிர் கொட்டியது, கண்ணில் பீளை கட்டியது, மூச்சு இரைத்தது. அரண்மனைப் பூனை அதன் முதுகின் மேலேறி வெயில் காய்ந்தது. சூறை அதற்கும் ஒரு பெருமூச்சு மட்டும் விட்டது.

ராஜா நாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த நாய் செத்துப்போனால் தாம் உயிரோடிருந்து என்ன பயன் என்றுகூட நினைத்தார்.

மந்திரி வந்து பார்த்து, "இதுக்கு மனக்குறை மகாராஜா. ஒரு பட்டம் குடுத்துடுங்க" என்றார். பட்டம் கட்டினார்கள். பட்டத்தின் கனம் தாங்காமல் நாய் தலையைக் கீழே போட்டது. சமையற்காரர் தீத்தாரப்பன் வந்து, "நெய் பத்தலை மகாராஜா" என்றார். நெய்யைக் குடம் குடமாக ஊற்றினார்கள். நாய்க்கு வயிறு கழிந்தது. வைத்தியர் வந்து தேனும் வெல்லமும் போட்டு லேகியம் கிண்டினார். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் காலையில் சூறை மெல்ல எழுந்து, தள்ளாடித் தள்ளாடிச் சமையற்கட்டின் பின்பக்கம் போனது. ராஜாவும் சத்தம் காட்டாமல் பின்னாலேயே போனார். அங்கே வெட்டிப்போட்ட ஆட்டின் ஈரல் துண்டும் பச்சை எலும்பும் கிடந்தன. நாய் ஈரலைத் தின்றது. எலும்பைக் காலால் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கடித்தது. பிறகு வாலை ஒரேயொரு தடவை ஆட்டியது.

"அட, கூறுகெட்டவனே!" என்று ராஜா தம் தலையிலேயே அடித்துக்கொண்டார். "தீத்தாரப்பா! இனிமே என் சூறைக்குப் பச்சைக்கறியும் எலும்பும் மீனுந்தான்!"

"தாராளமாப் போடுங்க, ரெண்டு இலையிலயும் போடுங்க" என்றாள், சத்தம் கேட்டு அங்கே வந்த ராணி வச்சிரவல்லி.

"ரெண்டு இலையா? எதுக்கு?"

"நீங்க சாப்பிடுறதைத்தானே அது சாப்பிடணும்? ஆணையிட்டது நானா?"

ராஜாவின் முகம் செத்துப்போயிற்று. நாயைப் பார்த்தார். பன்றியின் காதைக் கவ்வும்போது இது தன் பல்லைப் பற்றி யோசித்ததா என்று நினைத்தார். நினைத்ததும் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உப்பு?" என்றார்.

"நாய்க்கு ஆகாது மகாராஜா."

"மிளகு?"

"ஆகாது."

"தொட்டுக்க ஒரே ஒரு நார்த்தங்காய் ஊறுகாய்?"

தீத்தாரப்பன் அழுதேவிட்டார்.

ராஜா கண்ணை மூடிக்கொண்டு ஈரலை விழுங்கினார். எலும்பைச் சப்பினார். மீனைப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது. பந்தியில் ராஜா உண்பதையே எல்லாரும் உண்ண வேண்டும் என்பதால், மந்திரிக்கு அன்றைக்கு ஏகாதசி வந்துவிட்டது. மறுநாளும் ஏகாதசி. அந்த மாதம் முழுக்க அவருக்கு ஏகாதசிதான்.

படுத்த நாய் உட்கார்ந்தது. உட்கார்ந்த நாய் நடந்தது. நடந்த நாய் ஓடியது. பூனை கூரையை விட்டு இறங்கவேயில்லை. ஆனால் ராஜாவோ கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, பட்டுப்பாயில் சுருண்டு படுத்துவிட்டார்.

சூறை ராஜாவைச் சுற்றிச் சுற்றி வந்து முனகியது. திடீரென்று வெளியே ஓடியது. திரும்பி வந்தபோது அதன் வாயில் கொழுத்த பெருச்சாளி ஒன்று தொங்கியது. அதை ராஜாவின் இலையில் நடுநாயகமாக வைத்தது. மூக்கால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, சாப்பிடு, சாப்பிடு என்று வாலாட்டியது. அந்தக் கண்ணில் அத்தனை அன்பு!

ராஜா பெருச்சாளியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நான் உனக்கு ஊட்டின அதிரசம் இதுதானாடா, சூறை?" என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

ராணிக்கு அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. உடனே பொங்கல் வைக்கச் சொல்லி, சபையார் முன்னால் ராஜாவுக்கும் நாய்க்கும் பரிமாறினாள். "வாக்கு வாங்கினது சூறை. அது வேண்டாம்னா ஆணை தீர்ந்துது" என்றாள்.

சூறை பொங்கலை மோந்தது. ராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டார். சூறை நெய்யை மோந்தது. ராஜா குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார். சூறை முந்திரிப்பருப்பை மோந்தது, ஒரு தும்மல் போட்டது, பெருச்சாளியைக் கவ்விக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டது.

ராஜா இரண்டு கையாலும் பொங்கலை அள்ளினார். ஆணை தீர்ந்தது என்று மந்திரி அறிவித்து முடிப்பதற்குள் இலை காலி.

அன்பு வைத்தவருக்கு நமக்குப் பிடித்ததை ஊட்டுவது அன்பாகாது, அவர் உடம்புக்கு ஏற்றதைக் கொடுப்பதே அன்பு.