முன்பலகை

உப்பளத்து ஊர் ஒன்றில் வாந்திபேதி வந்து போனது. சும்மா போகவில்லை, பல வீடுகளில் சம்பாதிக்கிற ஆளைக் கொண்டுபோயிற்று. வண்டிக்காரர்கள் பயந்து வராததால், குவித்த உப்பு மழையில் கரைந்தது. ஊர்ப் பள்ளியில் குருவிடம் படித்த பிள்ளைகள் அளத்தில் இறங்கினார்கள். உப்பு வாரினால்தான் வீட்டில் கஞ்சி.

குருவுக்கு வளர்ந்த சீடர்கள் இருவர். மருதையன் நோய்க்காலம் முழுக்கப் பள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு, குரு சொல்லித்தந்த பாட்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தான். கோடியப்பன் தகப்பனைப் புதைத்துவிட்டு உப்பு வாரப் போனான். பள்ளிக்குத் திரும்பி வந்தபோது அவனுக்குப் பாதிப் பாட்டு மறந்திருந்தது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். முன்பலகையில் உட்காருகிறவன் ஓர் அடி சொல்வான், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். குருவுக்கு அடுத்த இடம் அதுதான். மருதையன் தொண்டை வற்றக் கத்தியது வேறு எதற்கு?

குரு பலகையைக் கோடியப்பனுக்குக் கொடுத்தார்.

மருதையனுக்குப் பொறுக்கவில்லை. கோடியப்பன் இருமினால்கூடக் கோபம் வந்தது.

"சாமி, எனக்கு ஓர் எழுத்துப் பிசகாது. அவனுக்குப் பாதி தெரியாது. அவன் எனக்கு முன்னாலா?"

"இன்றைக்கு நீயே உட்கார்" என்றார் குரு.

மாலையில் அளத்து வேலை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். மருதையன் மடமடவென்று சொன்னான். ஒரு பிசகு இல்லை. பிள்ளைகள் உப்பில் வெடித்த கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாயும் திறக்கவில்லை.

மறுநாள் ஒருவரும் வரவில்லை.

"மக்குப் பிள்ளைகள், சாமி. எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள்."

கோடியப்பன் அளத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தான். பலகையில் உட்கார்ந்து இரண்டு அடி சொன்னான். மூன்றாவதில் நின்றுவிட்டான். தலையைச் சொறிந்தான்.

பின்வரிசையில் ஒரு சிறுமி மெதுவாக அடுத்த அடியைச் சொன்னாள்.

"அட, அதேதான். அப்புறம்?"

"அது இல்லை அண்ணே, இவள் தப்பாகச் சொல்கிறாள்" என்று ஒருவன் எழுந்தான். மூன்றாமவன் இருவரையும் திருத்தினான். பள்ளி சந்தைக்கடை ஆயிற்று.

மருதையன் பல்லைக் கடித்தான்.

"அந்த அடி எனக்குத் தெரியும், சாமி. நான் நிற்காமல் சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பாய்" என்றார் குரு. "உன் வண்டி எங்கும் நிற்பதில்லை, மருதையா. இவர்கள் எங்கே ஏறுவார்கள்?"